சானமாவு யானையும் ஆறாம் வகுப்புப் பாடமும்

ராகிக் கொல்லையில் யானை இறங்கிப் போன மறுநாள், ஈர மண்ணில் அதன் முன்னங்கால் தடம் வட்டமாகப் பதிந்திருக்கும். பின்னங்கால் தடம் சற்று நீண்டிருக்கும். முன்னங்கால் தடத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு சணல் கயிற்றை வைத்து அளந்து, வந்த அளவை இரண்டால் பெருக்கினால் அந்த யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். கயிறு நாலேகால் அடி என்றால் யானை எட்டரை அடி, வளர்ந்த ஆண். கயிறு இரண்டடி என்றால் நாலடி. ஒரு வயதை ஒட்டிய குட்டி. யானையோடு வாழ்ந்த பாகர்கள் கையாண்ட கணக்கு இது. பின்னால் ஆய்வாளர்கள் அளவு நாடாவோடு போய்ச் சரிபார்த்தார்கள். கணக்கு நின்றது.

கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்புக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் எங்கே கிடைக்கும்? சுற்றளவு, விகிதம், அலகு மாற்றம் மூன்றும் அதில் இருக்கின்றன. கணக்கு முடிந்த இடத்தில் அறிவியல் தொடங்குகிறது. சின்னத் தடமும் பெரிய தடமும் கலந்து கிடந்தால் வந்தது குட்டியோடு கூடிய பெண் யானைக் கூட்டம். கிட்டே போகவே கூடாது. பெரிய தடங்கள் மட்டும் என்றால் ஆண் யானைகள். பக்கத்தில் கிடக்கும் லத்தியைக் குச்சியால் கிளறினால் செரிக்காத ராகியும் விதைகளும் தெரியும். இரவு எங்கே மேய்ந்தது, எந்த விதையை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது என்பது வரை அங்கேயே படிக்கலாம்.

இந்தத் தடங்களைத் தாண்டித்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். வந்தபின் யானையைப் பாடப் புத்தகத்துப் படத்தில் பார்க்கிறார்கள். புத்தகத்தைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. கன்னியாகுமரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் சேர்த்து எழுதப்படும் புத்தகத்தில் நம் சானமாவுக் காட்டுக்கு எப்படி இடம் இருக்கும்? அந்த இடத்தை நிரப்ப வேண்டியது உள்ளூர். அதைத்தான் இங்கே யாரும் செய்யவில்லை.

ஆண்டுதோறும் ராகி முற்றும் பருவத்தில், அக்டோபரை ஒட்டி, கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாகத் தமிழகத்துக்குள் வருகின்றன. தளி, நொகனூர், ஊடேதுர்க்கம் என்று கிடைத்த காட்டில் தங்கித் தங்கி, ஒரு பகுதி சானமாவுக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து போடூர்பள்ளம், சூளகிரிப் பக்கம். சில ஆண்டுகளில் ஆந்திர எல்லை வரைக்கும். 1980களில் இந்த ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து கிளம்பிய யானைகள் சித்தூர்ப் பக்கம் போய் நிலைத்துவிட்டதால்தான் அங்கே 1990இல் கவுண்டின்யா சரணாலயம் வந்தது. ஆக, சூளகிரிப் பிள்ளையின் ஊர் மூன்று மாநில யானைகளின் வழித்தடத்தில் இருக்கிறது. இதை அந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளியும் வரைபடம் விரித்துக் காட்டுவதாகத் தெரியவில்லை.

சானமாவு காப்புக்காடு ஒரு தீவு போலக் கிடக்கிறது. ஒரு பக்கம் பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் ராயக்கோட்டை சாலை. சுற்றிலும் ராகி, தக்காளி, கொத்தமல்லி, பசுமைக்குடில் ரோஜா. அவற்றுக்கும் அப்பால் சிப்காட் தொழிற்பேட்டை. தீவுப் பள்ளிகள் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருகின்றன என்று பார்ப்பது அதனால் நமக்கு வேண்டாத வேலை அல்ல.

ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஹெய்மாய் என்றொரு தீவு. பஃபின் என்ற கடற்பறவை அங்கே லட்சக்கணக்கில் கூடு வைக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் வளைக்குள்ளிருந்து குஞ்சுகள் இரவில் முதன்முதலாகக் கடலுக்குக் கிளம்பும். கடல்மேல் வெளிச்சத்தை நாடிப் போக வேண்டியவை ஊரின் விளக்குகளைப் பார்த்து ஏமாந்து தெருவில் வந்து விழுகின்றன. அந்தப் பருவத்தில் ஊர்ப் பிள்ளைகள் இரவில் அட்டைப் பெட்டிகளோடு தெருத்தெருவாகப் போய்க் குஞ்சுகளைப் பொறுக்குகிறார்கள். அவற்றை எடைபோட்டுப் பதிவு செய்து, பகலில் பாறை விளிம்புக்குக் கொண்டுபோய்க் கடலை நோக்கி வீசிப் பறக்க விடுகிறார்கள். அந்த எடைக் கணக்கு ஆய்வாளர்களுக்குப் போகிறது. குஞ்சு மெலிந்திருந்தால் கடலில் அதன் இரை மீன் குறைந்திருக்கிறது என்று பொருள். இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. அதே தீவில் நீண்ட கழியில் வலை கட்டிப் பஃபின் பிடித்துத் தின்பது பழைய வழக்கம். வலை வீசிய தாத்தாவின் பேரன் குஞ்சை எடைபோடுகிறான். தாத்தாவைக் கொடியவர் என்று அந்த ஊர்ப் பள்ளி சொல்வதில்லை. பாறையில் எங்கே கால் வைக்க வேண்டும், எந்தக் காற்றில் பறவை தாழப் பறக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்.

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் செயின்ட் பால், செயின்ட் ஜார்ஜ் என்று இரு தீவுகள். உனாங்கன் பழங்குடிகளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யர்கள் கடல்நாய்த் தோலுக்காகக் கொண்டுபோய் உழைக்கவைத்த இடம். உலகின் செங்கால் கிட்டிவேக் பறவைகளில் பெரும்பகுதி செயின்ட் ஜார்ஜ் பாறைகளில்தான் கூடு வைக்கின்றன. அங்கே பள்ளி மாவட்டம், பழங்குடி நிர்வாகம், வனவிலங்குத் துறை எல்லாம் கைகோத்துப் பிள்ளைகளுக்குக் கடற்பறவை முகாம் நடத்துகின்றன. உயிரியலாளர் ஒருபுறம், ஊர்ப் பெரியவர் மறுபுறம்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சிவகங்கை மாவட்டத்துக்கு வரலாம். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் சட்டம் போட்டு வந்த பழக்கம் அல்ல அது. பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துக் கற்றது.

நம் பக்கத்து நிலைமை இதற்குத் தலைகீழ். இங்கே யானைப் பருவம் என்றால் வெடிப் பருவம். காலையில் பிள்ளையாருக்குக் கற்பூரம், இரவில் அவர் இனத்தாருக்குப் பட்டாசு. இதில் கிண்டலுக்கு ஒன்றும் இல்லை. ஆடியில் விதைத்து, களை எடுத்து, கதிர் முற்றி, இன்னும் பத்து நாளில் அறுக்கலாம் என்றிருக்கும் ராகியை ஒரே இரவில் இழந்தவர் முன்னால் நின்று யானையின் பெருமை பேச யாருக்கும் வாய் வராது. பரண் கட்டிக் குளிரில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன பிள்ளைதான் காலையில் வகுப்பில் தூங்கி விழுகிறது. சூழலியல் பாடம் நடத்த நகரத்திலிருந்து வருகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். “யானை நம் நண்பன்” என்று பலகை எழுதி மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளை அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனால் வீடு வேறு பாடம் சொல்கிறது.

அதனால் பாடம் இழப்பிலிருந்து தொடங்கட்டும் என்பதே என் கட்சி. எட்டாம் வகுப்புக் கணக்கில் பயிரிழப்பு மனுவையே ஒரு பயிற்சியாக வைக்கலாம். ஒரு ஏக்கருக்கு எத்தனை மூட்டை, மிதிபட்டது எத்தனை சென்ட், கூலியும் உரமும் எவ்வளவு, சந்தை விலை என்ன, கிடைக்கும் நிவாரணம் எவ்வளவு, மீதி யார் தலையில்? கிராம நிர்வாக அலுவலர் சான்று, வேளாண் துறை மதிப்பீடு, வனத்துறை ஆய்வு என்று மனு போகும் பாதையையும் சேர்த்துச் சொல்லித் தரலாம். எழுதப் படிக்கத் தயங்கும் தாத்தாவின் மனுவைப் பேத்தி பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்தால், அந்த வீட்டில் அறிவியல் பாடத்துக்கும் மரியாதை வரும். நிவாரணம் தாமதமானால் தாமதம் எத்தனை நாள் என்று அந்தப் பிள்ளைகளே கரும்பலகையில் எழுதிவைக்கட்டும். அதிகாரிகளுக்குக் கொஞ்சம் உறுத்தினாலும் பரவாயில்லை.

அடுத்தது மின்வேலி. 2023 மார்ச்சில் பக்கத்து தருமபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளியை ஒட்டிய காளிகவுண்டன்கொட்டாயில், நிலத்தைச் சுற்றிக் கள்ளத்தனமாக இழுத்த மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் செத்தன. அவற்றோடு வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. சூரிய சக்தி வேலியில் மின்சாரம் நொடிக்கு நொடி துடிப்பாக வந்து சுரீரென்று விரட்டும்; கொல்லாது. வீட்டு இணைப்பிலிருந்து நேராக இழுத்த கம்பி யானையையும் கொல்லும், விடியற்காலையில் மாட்டைத் தேடிப் போகும் மனிதனையும் கொல்லும். இந்த வித்தியாசத்தைப் பத்தாம் வகுப்பு மின்னியல் பாடத்தில் அரை மணி நேரத்தில் புரியவைக்கலாம். ஓம் விதியை மனப்பாடம் செய்ததால் உயிர் பிழைத்தவர் யாரும் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பிழைப்பார்கள்.

இனி, பிள்ளைகளின் வீட்டில் இருக்கும் அறிவைப் பார்ப்போம். பெங்களூரு தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிஷாந்த் சீனிவாசையாவும் உடன் ஆய்வாளர்களும் கர்நாடகத்திலும் இந்த ஓசூர்ப் பகுதியிலும் ஆண் யானைகளைப் படமெடுத்து அடையாளம் கண்டு, 2019இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். காது ஓரக் கிழிசல், கொம்பின் வளைவு, வால் முடி ஆகியவற்றைக் கொண்டு தனித்தனியாகப் பிரித்தறிந்தவை 248 ஆண் யானைகள். காட்டுக்குள் பெரும்பாலும் தனித்துத் திரியும் ஆண்கள், மனிதர் விளைநிலங்களுக்கு வரும்போது கூட்டம் சேர்கின்றன, குறிப்பாக இளவட்டங்கள். ஆபத்தான இடத்தில் துணை தேவைப்படுகிறது. விவரம் தெரிந்த மூத்த ஆணின் பின்னால் நடந்தால் கற்றுக்கொள்ளவும் முடிகிறது. இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் இதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பயிரில் இறங்குவதில் பெண் யானைகளைவிட வளர்ந்த ஆண்களே முந்துகின்றன என்று கணக்கெடுத்துச் சொல்லியிருந்தார். சத்தான தீனி, பெரிய உடம்பு, இனச்சேர்க்கையில் கூடுதல் வாய்ப்பு. அதற்காக உயிரைப் பணயம் வைக்கும் துணிச்சல்.

பரணில் உட்கார்ந்த எந்தக் கிழவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். “ஆமா, முன்னால ஒண்ணு வந்து நின்னு மூக்கத் தூக்கிப் பாக்கும். அப்புறம்தான் மத்தது வரும்” என்ற வகையில்தான் பதில் வரும். ஆய்வாளர் 1,445 படங்களை அடுக்கி நிறுவியதில் ஒரு பகுதி அவருக்குக் கண்ணால் தெரிந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்தது எல்லாமே சரி என்றும் ஆகிவிடாது. யானை நினைத்து வைத்துப் பழிவாங்க வந்தது என்பார். தன் நிலத்தை மட்டும் குறிவைத்தது என்பார். எது பார்த்தது, எது நினைத்தது என்று பிரித்துக் கேட்கப் பழகுவதே அறிவியல். ஒரு பிள்ளை தன் தாத்தாவிடம் மரியாதை குறையாமல் “நீங்க பாத்தீங்களா தாத்தா, இல்ல கேள்விப்பட்டதா?” என்று கேட்கக் கற்றுக்கொண்டால் அதுவே பாதிப் பட்டப்படிப்பு.

இங்கே மொழி ஒரு தடை என்பார்கள். எனக்கு அது வசதியாகவே படுகிறது. சூளகிரி வகுப்பறையில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, கன்னடம் பேசுகிற பிள்ளை, உருது பேசுகிற பிள்ளை, தமிழ் பேசுகிற பிள்ளை நால்வரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். சிப்காட் வந்தபின் பீகார், ஒடிசா தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பற்றிய வாதங்கள் இந்த எல்லையில் அடிக்கடி சூடாவது உண்டு. பாட்டியிடம் தெலுங்கில் கேட்டதைத் தமிழில் எழுதிக் கொண்டு வா என்றால், அந்தப் பிள்ளைக்குத் தமிழும் வரும், பாட்டியின் அறிவும் வீணாகாது. பறவைகளுக்கு இந்த வேலையின் ஒரு பகுதி நடந்தே விட்டது. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் பிள்ளைகளுக்கான பறவைக் கையேடுகளையும் சுவரொட்டிகளையும் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் போட்டிருக்கிறது. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. சூளகிரி ஏரியிலும் சின்னாறு அணையிலும் கெலவரப்பள்ளியிலும் என்ன வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஓசூருக்கு 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். விமானம் இறங்கும் இடத்தில் எந்தப் பறவை எந்த மாதத்தில் பறக்கிறது என்ற பட்டியலுக்கு அன்றைக்கு ஆளாய்ப் பறப்பார்கள். இன்றைக்கே எண்ணத் தொடங்கும் பிள்ளைகளின் நோட்டு அப்போது விலை பெறும்.

பண்பாட்டுப் பாடத்துக்கு இந்த மாவட்டம் அள்ளிக் கொடுக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வேடியப்பன் கோயில் என்று கும்பிடுகிற இடத்தில் பெரும்பாலும் ஒரு நடுகல் இருக்கும். மாடு மீட்டுச் செத்தவன் கல், புலியைக் குத்திச் செத்தவன் கல், பன்றியைக் குத்திச் செத்தவன் கல். கையில் வாள், எதிரே எழும்பி நிற்கும் புலி. சிலவற்றில் வட்டெழுத்து, சிலவற்றில் கன்னடம். ஊருக்குள் புலி வந்த காலம் ஒன்று இருந்தது, அதோடு மோதியவனை ஊர் தெய்வமாக்கியது என்பதற்கு அந்தக் கல் சாட்சி. எண்ணெய் பூசிய அந்தக் கல்லின் முன்னால் பிள்ளைகளை உட்காரவைத்து, இங்கே இருந்த புலி எங்கே போனது என்று ஒரு கேள்வி கேளுங்கள். காடு எப்போது விளைநிலமானது, விளைநிலம் எப்போது தொழிற்பேட்டையானது என்று வரலாறு தானாக விரியும். நடுகற்களை வரிசையாக வைத்திருக்கும் அரசு அருங்காட்சியகம் கிருஷ்ணகிரியிலேயே இருக்கிறது. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தபோது மாநிலமே பெருமைப்பட்டது. சூளகிரிப் பிள்ளைக்குத் தன் ஊர் முனையில் இருக்கும் கல்லும் அதே வரலாற்றின் ஒரு பக்கம் என்று தெரிய வேண்டாமா?

பாரதக் கூத்து நடக்கும் ஊர்கள் இங்கே ஏராளம். துரியோதனன் படுகளத்துக்கு ஊரே திரள்கிறது. அந்தக் கூத்துக் கலைஞர்களைப் பள்ளிக்கு அழைத்து, அரை மணி நேரத்தில் யானை வந்தால் என்ன செய்யக் கூடாது என்று ஆடச் சொன்னால் எந்தத் துண்டறிக்கையும் அதற்கு ஈடாகாது. செல்பி எடுக்கக் கிட்டே போகிறவன்தான் கட்டியங்காரன்.

தொழிற்சாலைகளைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட வரம்பை எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஓசூர், சூளகிரி, பர்கூர் வட்டாரத்தில் ஸ்கூட்டர் முதல் செல்போன் உதிரி பாகம் வரை செய்கிறார்கள். அவர்கள் பணத்தில் பள்ளிகளுக்குச் சுவர் வண்ணமும் பெஞ்சும் வருகின்றன, நல்லதுதான். உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளியில் சிப்காட்டுக்கு மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததையும் நாம் பார்த்தோம். நிலம் எடுப்பது சரியா தவறா என்பது வேறு வாதம். காடும் கொல்லையும் சுருங்கும் ஊரில், யானை எங்கே திரும்பும் என்று அறிந்த ஒரு தலைமுறையை வளர்ப்பதற்கு அந்த 2 விழுக்காட்டில் ஒரு துளி போதும்.

செய்வதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கையால் செய்து பார்க்கும் அறிவியலுக்காக 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. தேசிய பசுமைப்படை இருக்கிறது. கலைத் திருவிழா இருக்கிறது. இல்லாதது உள்ளூர் ஆசிரியர். யானை விரட்டும் குழுவில் இரவெல்லாம் அலையும் வேட்டைத் தடுப்புக் காவலரும், பெட்டமுகிலாளம் மலையில் வாழும் இருளர் முதியவரும், பரணில் நரைத்த விவசாயியும் மாதம் ஒரு நாள் வகுப்பறைக்கு வர வேண்டும். சும்மா அழைத்து டீ கொடுத்து அனுப்பக் கூடாது. மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சிறப்பு ஆசிரியர் என்று பெயர் எழுத வேண்டும். தடம் பார்க்கப் பிள்ளைகளை இருட்டோடு அழைத்துப் போகக் கூடாது. யானை காட்டுக்குள் திரும்பிவிட்டது என்று வனத்துறை சொன்ன பிறகுதான். யானை நடமாட்டம் உள்ள நாள்களில் அதிகாலை, அந்திச் சிறப்பு வகுப்புகளைத் தள்ளிவைக்கவும் தலைமை ஆசிரியர்களுக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும்.

இந்த வட்டாரக் காடுகளில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1,190 சதுர கிலோமீட்டர். அறிவிப்புக்குப் பின் அந்தக் காட்டின் ஓரத்தில் வாழப் போகிறவர்கள் இன்று நம் அரசுப் பள்ளிகளில் ஆறாம், ஏழாம் வகுப்பில் இருக்கிறார்கள். ராகி முற்றும்போது யானைகள் மறுபடி ஜவளகிரியைத் தாண்டும். அதற்குள் மாவட்ட ஆட்சியர், முதன்மைக் கல்வி அலுவலரையும் ஓசூர் வனக்கோட்ட அலுவலரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, சானமாவைச் சுற்றியுள்ள பத்துப் பள்ளிகளில் இதைத் தொடங்கிப் பார்க்கட்டும். ஒரு சணல் கயிறு, ஒரு அளவுநாடா, ஒரு நோட்டு, மாதம் ஒரு நாள் மதிப்பூதியம். முதல் ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவு.